கடற்கரையைக் காத்த ரிபப்ளிகன்: ஓரிகன் கவர்னர் டாம் மெக்கால் பற்றி ஒரு இழை

கேள்வி, செப்டம்பர் 14, 2024
அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கடற்கரை முழுக்க மக்களுக்குப் பொது என்றும், அதைச் செய்தவர் ஒரு ரிபப்ளிகன் கவர்னர் என்றும் வேறொரு இழையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். நம்பவே முடியவில்லை. அந்தக் கட்சியும் சுற்றுச்சூழலும் எலியும் பூனையும் ஆயிற்றே? டிசம்பரில் அந்தப் பக்கம் வருகிறேன். வருவதற்குள் விளக்கினால் நல்லது.

செப்டம்பர் 14, இரவு
ரிபப்ளிகன்தான். பெயர் டாம் மெக்கால். 1967 ஜனவரியிலிருந்து 1975 ஜனவரி வரை கவர்னர். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே கவர்னர் என்றால் நம்மூர் ராஜ்பவன் ஆள் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் கணக்கில் முதலமைச்சர் மாதிரி.

போர்ட்லண்ட் நகரை ஒட்டிய ஹில்ஸ்பரோவுக்குக் குடிவந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இந்த மனிதர் செய்துவைத்த மூன்று காரியங்களைத் தொடாமல் எனக்கு ஒரு வாரம்கூடப் போவதில்லை. நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 15
கடற்கரைக் கதை.

1966 கோடையில் கேனன் பீச் என்ற சின்ன ஊரில் ஒரு மோட்டல்காரர் தன் மோட்டலுக்கு முன்னால் இருந்த மணலில் மரக்கட்டைகளைப் போட்டு மறித்தார். உள்ளே தங்கியிருப்பவர்கள் மட்டும் உட்காரலாம், மற்றவர்கள் அப்பால் போங்கள் என்றார். புகார் மாநில அரசுக்குப் போனது. தேடிப் பார்த்தால் அலை நனைக்கும் ஈர மணல்தான் மக்களுடையது, மேலே காய்ந்த மணலுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒரு மோட்டல்காரர் கட்டை போட்டால் நாளைக்கு நூறு பேர் போடுவார்கள்.

1967 சட்டமன்றத்தில் காய்ந்த மணலையும் மக்களுக்குக் காப்பாற்றும் மசோதா வந்தது. குழுவிலேயே முடங்கிக் கிடந்தது. எதிர்த்தவர்களில் மெக்காலின் சொந்தக் கட்சிக்காரர்களும் உண்டு. பத்திரிகையும் தொலைக்காட்சியும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டதும் மக்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. மே 13 அன்று மெக்கால் ஹெலிகாப்டரில் விஞ்ஞானிகளையும் நில அளவையாளர்களையும் ஏற்றிக்கொண்டு கடற்கரையிலேயே போய் இறங்கினார். கடல்மட்டத்திலிருந்து 16 அடி உயரம் எங்கே வருகிறது என்று மணலில் முளை அடித்துக் காட்டினார்கள். ஆறடி ஐந்தங்குல ஆள், கோட்டு சூட்டோடு மணலில் நிற்கிறார், சுற்றிலும் கேமராக்காரர்கள். அதுவரை பொது மணலின் எல்லைக்கோடு எங்கே என்று வக்கீல்கள் காகிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது கண்ணால் பார்க்க ஒரு முளை இருந்தது. ஜூலை 6 அன்று சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான் முதன்முதலாக அங்கே போனபோது ஒரு பெரிய விடுதியின் கண்ணாடிச் சுவருக்கு நேர் எதிரே துண்டை விரித்து உட்கார்ந்தோம். மனைவி அரை மணி நேரத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், யாராவது வந்து எழுப்புவார்களோ என்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக் காவலாளி எங்களை அப்படி எழுப்பிவிட்டிருக்கிறார். இங்கே யாரும் வரவில்லை. விடுதியில் தங்கியிருந்த ஒரு வயதான பெண்மணி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து காற்று அதிகம் என்று பேசிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 16
ஒரு திருத்தம். நேற்று எழுதியதைப் படித்தால் எல்லாமே மெக்காலிடமிருந்து தொடங்கியது போலத் தெரிகிறது. அது தப்பு.

ஈர மணல் எப்படி மக்களுடையது ஆனது? 1913-ல் ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற கவர்னர் செய்த வேலை. அவர் டெமாக்ரட். கடற்கரையை விற்க விடமாட்டேன் என்று சொன்னால் சட்டமன்றம் ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும். அதனால் கடற்கரை முழுவதையும் நெடுஞ்சாலை என்று அறிவிக்கும் ஒரு சின்ன மசோதாவைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் வண்டிகள் உண்மையிலேயே மணலில்தான் ஓடின. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நிறைவேறிவிட்டது.

மெக்காலுக்குப் பிறகும் வேலை இருந்தது. மாநிலம் மோட்டல்காரர் மேல் வழக்குப் போட, அவர் மேல்முறையீடு செய்தார். 1969-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது: வழக்காறு. காலங்காலமாக மக்கள் தடையில்லாமல் இந்த மணலில் நடந்திருக்கிறார்கள், அந்த வழக்கமே உரிமை. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் சொல்வது போலவே இல்லையா?

செப்டம்பர் 19
மெக்கால் எப்படி அரசியலுக்கு வந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிறந்தது 1913, மாசசூசெட்ஸில். இரண்டு பக்கமும் பெரிய குடும்பம். அப்பா வழித் தாத்தா அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர், அம்மா வழித் தாத்தா தாமிரப் பங்குகளில் கோடி கோடியாகச் சம்பாதித்துப் பிறகு இழந்தவர். பையன் வளர்ந்ததோ ஓரிகனின் வறண்ட நடுப்பகுதியில், பிரைன்வில் பக்கம் க்ரூக்கட் ஆற்றங்கரைப் பண்ணையில். படித்தது இதழியல். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி என்று போய், நடுவில் ஒரு கவர்னரிடம் உதவியாளர். 1954-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நின்று ஈடித் கிரீன் என்ற டெமாக்ரட்டிடம் தோற்றார்.

தோற்றவர் கேமராவுக்குத் திரும்பினார். 1962-ல் போர்ட்லண்டின் கே.ஜி.டபிள்யூ நிலையத்துக்காக வில்லமெட் ஆற்றைப் பற்றி ஓர் ஆவணப்படம் செய்தார். காகித ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் நேராக ஆற்றில் இறங்குவதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காட்டினார். 1964-ல் மாநிலச் செயலாளர் தேர்தலில் ஜெயித்தார். இந்த மாநிலத்தில் துணை கவர்னர் கிடையாது. மாநிலச் செயலாளர்தான் அடுத்த இடம், தேர்தல் நடத்துவதும் கணக்குத் தணிக்கையும் அவர் பொறுப்பு. அங்கிருந்து இரண்டே வருஷத்தில் கவர்னர்.

பதவிக்கு வந்த வருஷமே, ஆற்றுத் தூய்மையைப் பார்க்க வேண்டிய மாநில வாரியத்தின் தலைவர் இறந்துபோக, அந்த இடத்தில் தன்னையே நியமித்துக்கொண்டார். கவர்னரே வாரியத் தலைவர்! கழிவு விடும் ஆலை முதலாளிக்கு எங்கே போய் முறையிடுவது என்றே தெரிந்திருக்காது.

செப்டம்பர் 22, ஞாயிறு
இன்று மகளோடு காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பாட்டில் டிராப் என்று ஒரு கூடம். சுவரில் வரிசையாக வட்ட ஓட்டைகள். காலி டப்பாவை உள்ளே வைத்தால் எந்திரம் அதைச் சுழற்றிப் பட்டைக்குறியைத் தேடும், பிறகு கரகரவென்று நசுக்கும். திரையில் பத்து சென்ட் ஏறும். கைக்கெல்லாம் பழைய பீர் வாடை, தரையெல்லாம் பிசுபிசுப்பு. எங்களுக்கு முன்னால் நின்றவர் இரண்டு பெரிய கறுப்புப் பைகளோடு வந்திருந்தார், ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தார். மகள் பால் டப்பாவைத் திணித்துப் பார்த்தாள், எந்திரம் திருப்பித் தள்ளிவிட்டது. பாலுக்கு முன்பணம் கிடையாது.

1971-ல் மெக்கால் கையெழுத்திட்டு 1972 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். பீர், சோடா பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் முன்பணம் வாங்கித் திருப்பித் தர வேண்டும் என்று அமெரிக்காவில் முதலில் சொன்ன மாநிலம் இதுதான். அப்போது ஐந்து சென்ட். 2017-ல்தான் பத்து ஆனது. இழுத்துக் கிழித்து எறியும் டப்பா வளையத்தையும் அதே சட்டம் தடை செய்தது. மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தைக் கிழித்துக்கொண்டிருந்த வளையம் அது.

இங்கேயும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். யோசனை ரிச்சர்ட் சேம்பர்ஸ் என்ற சாதாரணக் குடிமகனுடையது. மலை ஏறுபவர், போகும் வழியெல்லாம் குப்பை பொறுக்குபவர். 1969-ல் மசோதா வந்து தோற்றது. அப்போது மெக்கால் அதன் பின்னால் நிற்கவில்லை. 1971-ல்தான் முழு பலத்தோடு நின்றார். டப்பாக் கம்பெனிகளும் பீர் கம்பெனிகளும் நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆள் அனுப்பி எதிர்த்தார்கள். அப்படியும் நிறைவேறியது.

செப்டம்பர் 23
மெக்கால் அரசே ஒரு ராக் இசை விழாவுக்கு ஆதரவு கொடுத்தது என்ற கதை பொய்யா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மெய்தான்! சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

1970 ஆகஸ்ட். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். போர்ட்லண்டில் முன்னாள் படைவீரர் சங்க மாநாடு, ஜனாதிபதி நிக்சன் வருவார் என்று பேச்சு. போரை எதிர்க்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள் என்றும் பேச்சு. நவம்பரில் மெக்காலுக்கு மறுதேர்தல். ஊருக்கு வெளியே மெக்ஐவர் பூங்காவில் மாநில அரசின் ஆதரவோடே ஒரு வாரம் இசை விழா நடத்த ஒத்துக்கொண்டார். இளைஞர்கள் அங்கே போய்விட்டார்கள், ஆற்றில் அம்மணமாகக் குளித்தார்கள், கஞ்சா பிடித்தார்கள், போலீஸ் கண்டுகொள்ளவில்லை. போர்ட்லண்டில் ஒரு கண்ணாடிகூடப் பெரிதாக உடையவில்லை. நிக்சனும் வரவில்லை. அரசியல் தற்கொலை செய்துகொண்டேன் என்று நினைத்தாராம் மெக்கால். நவம்பரில் ஜெயித்தார்.

செப்டம்பர் 28
இது எழுத எனக்கு ஐந்து நாள் ஆனது.

1971 ஜனவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சிப் பேட்டியில் மெக்கால் சொன்னது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாக்கியம்: திரும்பத் திரும்ப வந்து பார்த்துவிட்டுப் போங்கள், ஆனால் புண்ணியமாகப் போகட்டும், இங்கே குடியேற மட்டும் வராதீர்கள்.

முதன்முதலில் அலுவலகத்தில் ஒருவர் எனக்கு இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. நான் குடியேற வந்தவன்தானே. இந்த மாநிலத்துக்கு ஒரு பழைய கறையும் உண்டு. 1857-ல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே கறுப்பின மக்கள் இங்கே வந்து வசிக்கக் கூடாது என்று பிரிவு வைத்திருந்தார்கள். 1926-ல்தான் அதை நீக்கினார்கள். அப்படிப்பட்ட மண்ணில் நின்று ஒரு கவர்னர் "வராதீர்கள்" என்றால் காதில் எப்படி விழும்?

அதனால் தேடிப் படித்தேன். அவர் கண்முன் இருந்தது பக்கத்து கலிபோர்னியா. பழத்தோட்டங்களை அழித்து வீடு வீடாகப் பரவிய பள்ளத்தாக்குகள். அதை விற்றுக் காசு பார்த்தவர்களின் அடுத்த குறி ஓரிகன் என்று நினைத்தார். அதே காலத்தில், 1970 டிசம்பரில், தன் கட்சியின் துணை ஜனாதிபதி ஆக்னியூ கவர்னர்கள் நடுவே பேசிய பேச்சை வெறுப்பு நிறைந்த அழுகல் பேச்சு என்று பத்திரிகையாளர்களிடம் பட்டவர்த்தனமாகச் சொன்னவரும் இவர்தான். என்னைப் போன்றவனை நினைத்து அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை என்று இப்போது நம்புகிறேன். இருந்தாலும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றுதான் படுகிறது. சொன்னவர் மனசு ஒன்று, கேட்பவர்கள் எடுத்துக்கொள்வது வேறு.

செப்டம்பர் 29
நேற்று விட்டதைத் தொடர்கிறேன். அந்த வாக்கியத்துக்கு அவர் கொடுத்த நல்ல வடிவம் 1973-ல் வந்த சட்டம்.

1973 ஜனவரி 8, ஓரிகனின் தலைநகரான சேலத்தில் (நம்மூர் சேலம் இல்லை) சட்டமன்றக் கூட்டத் தொடக்கம். முட்புதர்க் காட்டில் மனை போடுவதையும், கடலோர அடுக்குமாடி வெறியையும், புறநகரின் தீராப் பசியையும் பெயர் சொல்லித் திட்டினார். மே 29 அன்று செனட் மசோதா 100-ல் கையெழுத்திட்டார். ஒவ்வொரு ஊரும், நம் மாவட்டம் மாதிரியான கவுண்டியும் நிலத் திட்டம் போட வேண்டும், மாநில ஆணையம் வகுக்கும் குறிக்கோள்களுக்கு அது இணங்க வேண்டும். அந்தக் குறிக்கோள்களில் இரண்டு: விளைநிலத்தைக் காப்பாற்று, ஒவ்வொரு நகரத்தைச் சுற்றியும் இதுவரைதான் ஊர் என்று எல்லைக்கோடு போடு.

இதற்கும் மூலகர்த்தா வேறொருவர். ஹெக்டர் மக்பர்சன், ரிபப்ளிகன் செனட்டர், தொழில் மாட்டுப்பண்ணை. பால் கறக்கிறவர். பக்கத்து வயல்களில் வீடுகள் முளைப்பதைப் பார்த்துக் கவலைப்பட்டவர். அவரோடு கைகோத்தவர் டெட் ஹாலக் என்ற டெமாக்ரட். மக்பர்சன் அடுத்த தேர்தலில், 1974-ல், தோற்றுப்போனார்.

அந்தக் கோடு எப்படி இருக்கும் தெரியுமா? எங்கள் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் போதும். இடப்பக்கம் மூன்று மாடி வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். வலப்பக்கம் வயல். இடையில் ஒரே ஒரு சாலை. பால்கனியில் நின்று பல் தேய்க்கிறவரும், எதிரே டிராக்டரை ஓட்டுகிறவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 3
அந்தக் கோட்டை இவ்வளவு அழகாக எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயம் இல்லை.

வீட்டு விலை. நாங்கள் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் வருஷா வருஷம் ஏற்றினார். வீடு வாங்க முன்பணம் சேர்க்கச் சேர்க்க விலை எட்டிப்போனது. கோட்டுக்குள் நிலம் குறைவு, அதனால்தான் என்று பலர் சொல்வார்கள். ஒரு பங்கு உண்மை. எல்லாமும் அதனால் இல்லை. கோடே இல்லாத எத்தனையோ ஊர்களிலும் விலை ஏறித்தான் இருக்கிறது. கோட்டுக்குள் போதுமான வீடு கட்ட அனுமதிக்காததும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் வாங்கிய நிலத்தைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமல் போன வயதானவர்கள். 2004-ல் மக்கள் வாக்கெடுப்பில் 37-ஆம் எண் தீர்மானம் ஜெயித்தது: கட்டுப்பாட்டால் நில மதிப்பு குறைந்தால் அரசு நஷ்டஈடு கொடு, இல்லையென்றால் விட்டுவிடு. கோரிக்கைகள் மலையாகக் குவிந்ததும் 2007-ல் 49-ஆம் எண் தீர்மானத்தால் மக்களே அதன் வீச்சைக் குறைத்தார்கள். அந்த முதியவர்களின் வருத்தத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. என் அப்பாவும் காணி நிலத்தை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று தூங்காமல் கிடந்தவர்.

அக்டோபர் 5
சட்டென மெக்காலின் சில தோல்விகள். 1969-ல் விற்பனை வரி கொண்டுவரப் பார்த்தார். வாக்கெடுப்பில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மக்கள் தூக்கி எறிந்தார்கள். 1973-ல் பள்ளிகளுக்காக இன்னொரு வரித் திட்டம், அதுவும் தோல்வி. இன்று வரை இங்கே விற்பனை வரி இல்லை.

1974 ஜனவரியில் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாள் பிரித்துப் பெட்ரோல் போடச் சொன்னதும் இவர்தான். இந்த மாநிலம் முன்னே போக, மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன.

அக்டோபர் 9
"அப்படியானால் அவர் சொந்தமாகச் செய்தது என்ன? எல்லாம் அடுத்தவர் யோசனைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூர்மையான கேள்வி. ராபர்ட் ஸ்ட்ராப் பற்றிச் சொன்னால்தான் பதில் வரும்.

ஸ்ட்ராப் டெமாக்ரட். மாநிலப் பொருளாளர். 1966-லும் 1970-லும் மெக்காலை எதிர்த்து நின்று இரண்டு தடவையும் தோற்றவர். 1966 தேர்தலில் வில்லமெட் ஆற்றின் இரு கரையையும் பொதுப் பசும்பாதையாக்குவோம் என்று அறிவித்தவர் அவர். ஜெயித்த மெக்கால் அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டு எதிராளிகளும் ஆற்றைப் பற்றிக் கிட்டத்தட்ட ஒரே பேச்சைப் பேசித் தேர்தலில் மோதினார்கள். 1974-ல் மெக்கால் தொடர்ந்து மூன்றாவது முறை நிற்கச் சட்டம் இடம் தராததால் ஸ்ட்ராப் கவர்னர் ஆனார்.

முதலில் எனக்கும் இது யோசனைத் திருட்டு போலத்தான் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரன் சொன்னது என்பதற்காகவே நல்லதைக் கிழித்துப் போடுகிறவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இவர் யார் சொன்னாலும் நல்லதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தொலைக்காட்சிக்காரரின் குரலும் நாற்காலியும் அதற்குப் பின்னால் நின்றன. மக்பர்சனிடம் பசுக்கள் இருந்தன, சேம்பர்ஸிடம் குப்பைப் பை இருந்தது. ஊரையே ஒரு பக்கம் திரும்பிப் பார்க்க வைக்கும் குரல் மெக்காலிடம் மட்டும்தான் இருந்தது.

விலையும் கொடுத்தார். 1978-ல் மறுபடி கவர்னராக ஆசைப்பட்டுத் தன் கட்சியின் உட்தேர்தலில் நின்றார். கட்சிக்காரர்கள் விக்டர் அட்டியே என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிரியாவிலிருந்து வந்த கம்பள வியாபாரியின் மகன், நல்ல மனிதர், பிறகு எட்டு வருஷம் கவர்னர். மெக்கால் மறுபடி தேர்தலில் நிற்கவே இல்லை.

அக்டோபர் 12
கடைசிப் பகுதி.

1982. ஓரிகனில் மரத்தொழில் படுத்துவிட்டது, வேலை இல்லை. வேலை இல்லாததற்கு நிலச் சட்டமே காரணம் என்று சொல்லி அதை ஒழிக்க 6-ஆம் எண் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. மெக்காலுக்கு அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது. எலும்பு வரை பரவியிருந்தது. அந்த நிலையிலும் மேடை ஏறினார். எனக்குத் தீராத புற்றுநோய் இருப்பது உங்களுக்குத் தெரியும், மன அழுத்தம் அதை வளர்க்கும், ஆனால் போராடுகிறவனுக்கு அந்த அழுத்தம்தான் எரிபொருள் என்று பேசினார். உயிரைவிட ஓரிகனை நேசிக்கிறேன், இரண்டையும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ள முடியாது என்றார்.

நவம்பரில் தீர்மானம் தோற்றது. சட்டம் பிழைத்தது. அவர் இறந்தது 1983 ஜனவரி 8. முட்புதர்க் காட்டு மனைகளைப் பற்றிச் சேலத்தில் பேசி அன்றோடு சரியாகப் பத்து வருஷம்.

என் அம்மா புற்றுநோயில் போனார்கள். கடைசி மாதம் ஒரு வாய் கஞ்சி குடிக்க எழுந்து உட்காரவே எத்தனை நேரம் ஆகும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால் அந்த மேடையைப் பற்றி எழுதும்போது கை நின்றுவிடுகிறது.

அக்டோபர் 13
டிசம்பரில் வருவது உறுதி என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். மழைச்சட்டை கட்டாயம், குடை வேண்டாம், காற்று மடக்கிவிடும். கேனன் பீச் போகும்போது அலை இறங்கும் நேரம் பார்த்துப் போனால் ஹேஸ்டேக் பாறையின் காலடி வரை நடக்கலாம். பிறகு திரும்பி வந்து எந்த விடுதிக்கு முன்னால் வேண்டுமானாலும் காய்ந்த மணலில் உட்காருங்கள். போர்ட்லண்டில் ஒரு பகல் மிச்சம் இருந்தால் வில்லமெட் கரையில் அவர் பெயரில் உள்ள பூங்காவுக்குப் போகலாம். முன்பு அங்கே நெடுஞ்சாலை ஓடியது, 1974-ல் பெயர்த்து எடுத்தார்கள், இப்போது புல். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ரயில் இருக்கிறது. சாப்பாடு எங்கள் வீட்டில்தான். வரும்போது காலி டப்பா எதையும் வழியில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மகள் கணக்கு வைத்திருக்கிறாள்.